தாளம் தப்பியது யார்?

அண்மையில், பழைய வீடியோ நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றப்பட்ட தெருக்கூத்துப் பதிவொன்றை மாணவர்களோடு பார்த்தோம். தொடக்கத்தில் குறையேதும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கடந்ததும், கால் நிலத்தைத் தொட்ட பிறகே சலங்கை ஒலித்தது. "ஆடுபவருக்குத் தாளம் தப்புகிறதே!" என்றார் ஒரு மாணவர். தப்பியது ஆடுபவருக்கன்று, பதிவுக்கு.

கணினி படத்தையும் ஒலியையும் தனித்தனியே விரித்தெடுக்கிறது. இரண்டிலும் பொறிக்கப்பட்டுள்ள நேரக்குறிகளே அவற்றை இணைக்கின்றன. பெரும்பாலான பிளேயர் மென்பொருள்கள் ஒலியின் கடிகாரத்தையே தலைமையாகக் கொள்கின்றன. படம் பிந்தினால் சில சட்டகங்கள் கைவிடப்படும், முந்தினால் காத்திருக்கும். ஒரு சட்டகம் விடுபட்டால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒலியின் சிறு அறுபடலையும் செவி பொறாது. இது காட்சியின் யுகம் என்கிறோம். அந்தக் காட்சியோ செவிக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது.

செவிக்கும் ஒரு சாய்வு உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒலி ஏறத்தாழ 45 மில்லிநொடி முந்தினாலே பிசகு புலப்படும். பிந்தினாலோ 125 மில்லிநொடி வரை புலப்படாது. மின்னலுக்குப் பின் இடி கேட்டுப் பழகியவர்கள் அல்லவா நாம்!

மாறாத பிசகுக்கு மருந்துண்டு. வி.எல்.சி. பிளேயரில் ஜே, கே விசைகள் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒலியை 50 மில்லிநொடி நகர்த்தும். வளர்ந்துகொண்டே போகும் பிசகுக்கு அது உதவாது. நாடாவை மாற்றுகையில் படத்தைப் பதியும் அட்டையும் ஒலி அட்டையும் தத்தம் கடிகாரப்படி ஓடினால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடுகூட ஒரு மணி நேரத்தில் 0.36 நொடியாகத் திரண்டுவிடும். இடையிடையே சட்டகங்களும் தவறியிருந்தால் திருத்துவது இன்னும் கடினம்.

ஆகவே, கலைப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவோர் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறைவடையலாகாது. நடுவிலும் முடிவிலும் ஒலியையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுவரையேனும் மூல நாடாவைக் கழித்துவிடக் கூடாது. இது தொழில்நுட்பர் தலைவலி என்று நாம் ஒதுங்குவதும் முறையன்று.

ஏடு பெயர்த்தெழுதியவர் செய்த பிழையைப் புலவர் தலையில் ஏற்றாதிருக்க நம் பதிப்பாசிரியர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள்! விடிய விடிய ஆடிய கூத்தருக்கும் அந்த நீதி கிடைக்க வேண்டும். நாளை அவருக்காகப் பேசப்போவது அந்தப் பதிவு மட்டுமே.