ஆற்றுப்படுத்தும் கலையும் டாக்டர் பட்டமும்

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழை அச்சகத்தோடு நின்று விடுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், களப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் அடிக்கடி பயின்று வந்த ‘கௌன்சலிங்’ என்னும் சொல்லுக்கு ‘அறிவுரை கூறுதல்’ என்று எழுதினேன். அகராதிக்கு அது பொருந்தியமையால் மேலும் சிந்திக்கவில்லை. சில மாதங்களுக்குப் பின், அக்கையேட்டைக் கொண்டு நடைபெற்ற பயிற்சி வகுப்பு ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. பிரசவத்திற்குப் பின் உறக்கமின்றி அழுதுகொண்டே இருக்கும் தாயாக ஒரு பணியாளர் நடித்தார். மற்றொருவர் அவருக்கு உதவ வேண்டும். அந்த அம்மையார் கையேட்டைப் பார்த்தபடியே, தைரியமாக இருக்க வேண்டும், வேளைக்கு உண்ண வேண்டும், கடவுளை நினைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் அறிவுரை கூறினார். தாயாக நடித்தவருக்கு வாய் திறக்க இடமே இருக்கவில்லை. வகுப்பு கை தட்டியது. குற்றம் அந்த அம்மையாருடையது அன்று, என்னுடையது.

இக்கலைக்குத் தமிழில் வேறு பெயர்களும் உண்டு. ‘ஆலோசனை’ என்பர் பலர். இலங்கையில் ‘உளவளத்துணை’ என்பது வழக்கு. ‘ஆற்றுப்படுத்தல்’ என்போரும் உளர். இக்கடைசிச் சொல்லே எனக்கு உவப்பானது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்று வந்த வழியைக் காட்டுவதே ஆற்றுப்படை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். தான் நடந்தறியாத வழியை அவன் காட்டுவதில்லை. அவ்வாறாயின், பிறர் மனத்துயரில் துணை நிற்கக் கற்பிக்கும் மிக உயர்ந்த பட்டமாகிய டாக்டர் பட்டம், அவ்வழியில் நடந்து பாராதவருக்கும் கிடைக்கலாமா? இக்கேள்வியையே வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இக்கேள்விக்கு ஒரு நாடு எவ்வாறு விடை கண்டது என்பதைக் காண்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், திரும்பி வந்த போர்வீரர்களுக்கு உள உதவியும் தொழில் வழிகாட்டலும் பெருமளவில் தேவைப்பட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உளவியல் பயிற்சி பற்றிய விவாதம் அதனால் தீவிரமடைந்தது. 1949-இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலில் டாக்டர் பட்டம் பெறுவோர் விஞ்ஞானியாகவும் சிகிச்சைப் பணியாளராகவும் ஒருங்கே உருவாக வேண்டும் என்று முடிவு செய்தது. 1951-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்தில் நடைபெற்ற மாநாடு, ஆற்றுப்படுத்தும் உளவியலுக்கான டாக்டர் பட்டப் பயிற்சியின் தரங்களை வகுக்க முற்பட்டது. இன்று அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டங்களில் ஆய்வேடு மட்டும் போதாது. படிக்கும் காலத்திலேயே மேற்பார்வையின் கீழ் மக்களைச் சந்தித்தல் வேண்டும். அதன்பின் ஓராண்டு முழுநேரப் பயிற்சிப் பணியும் முடித்தல் வேண்டும்.

மேற்பார்வை என்பதைக் கண்காணிப்பு என்று கொள்ளலாகாது. உதவி நாடி வந்தவரின் சம்மதம் பெற்று உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. அனுபவம் மிக்க மூத்தவர் அதைப் பயிலுநருடன் அமர்ந்து கேட்கிறார். ஓரிடத்தில் நிறுத்தி, “இங்கே அவர் மௌனமானார், நீங்கள் ஏன் உடனே பேசினீர்கள்? அந்த மௌனம் உங்களுக்கு அச்சம் தந்ததா?” என்று வினவுகிறார். எந்தப் பாடநூலும் இவ்வினாவை நம்மிடம் கேட்பதில்லை. கார்ல் ரோஜர்ஸ் என்னும் அறிஞர் 1942-இல் வெளியிட்ட நூலில், இசைத்தட்டில் பதிந்த உரையாடல் தொடர் ஒன்றைச் சொல்லுக்குச் சொல் முழுமையாக அச்சிட்டார். அதுவரை மூடிய அறைக்குள் இருந்த பணியைப் பிறர் ஆராயவும் அதிலிருந்து கற்கவும் அதனால் வழி பிறந்தது.

நம் நாட்டில் உளவியல் புதியதன்று. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1916-லேயே அதற்கெனத் தனித்துறை அமைந்தது. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் தொடங்கப் பெற்று, 1974-இல் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையமாக வளர்ந்தது. மருத்துவ உளவியலில் நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் பயிலும் மரபு அங்கு வேரூன்றியது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவேட்டில் கொண்டு வந்தது. 2021-இல் இயற்றப் பெற்ற சட்டம் ஒன்று, ஆற்றுப்படுத்துவோரையும் சுகாதாரத் துறைத் தொழிலினராக ஏற்றுள்ளது.

எனினும் ஆற்றுப்படுத்தும் உளவியலில் டாக்டர் பட்டம் நம்மிடையே பெரும்பாலும் ஆராய்ச்சிப் பட்டமாகவே இருந்து வருகிறது. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை. குறைந்தது மூன்று ஆண்டுக் காலம், ஆராய்ச்சி முறை பற்றிய பாடம், ஆய்வேடு ஆகியவற்றை அவை வற்புறுத்துகின்றன. ஆராய்ச்சியாளர் கற்பிக்கும் முறையிலும் பயிற்சி பெற வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. இது நல்ல விதி. டாக்டர் பட்டம் பெற்றவர் நாளை வகுப்பில் நிற்பார் என்பதை அது முன்னறிந்திருக்கிறது. ஆனால் ஆற்றுப்படுத்தும் உளவியலில் பட்டம் பெறுபவர் நாளை ஒரு துயருற்ற மனிதரின் எதிரிலும் அமர்வார் அல்லவா? முந்நூறு மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்தம் மன அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பட்டம் பெற்ற ஒருவர், அவர்களுள் ஒரு மாணவனுடன்கூடத் தனித்து அமர்ந்து பேசியிராமல் இருக்கக் கூடும். அவர் எழுதியது நல்ல ஆய்வாகவே இருக்கலாம். ஆயினும் அவர் பயிற்சி பாதி வழியிலேயே நிற்கிறது.

இதற்குக் கூறப்படும் மறுப்புகள் இரண்டு. முதலாவது, மேற்பார்வை செய்யத் தகுந்த மூத்தவர்கள் நம்மிடம் போதிய அளவில் இல்லை என்பது. இது உண்மையே. ஆனால் அந்த மூத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? டாக்டர் பட்டம் பெற்றவர்களே பிறரைப் பயிற்றுவிக்கும் இடங்களுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு மேற்பார்வை பழக்கமில்லையேல், அவர்தம் மாணவர்களுக்கும் அது கிட்டாது. குறை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். எனவே அரிதாக உள்ள மூத்தவர்களின் நேரத்தை டாக்டர் பட்டப் பயிற்சிக்கு முதலில் செலவிடுவதே சிக்கனம்.

இரண்டாவது மறுப்பு, பயிற்சியைச் சேர்த்தால் ஆராய்ச்சி மெலியும் என்பது. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வந்தவர் குணமடைந்தாரா, எதனால் குணமடைந்தார் என்று கேட்கும் பழக்கமே விஞ்ஞானத்தின் தொடக்கம். ஆராய்ச்சியற்ற பணியாளர் தம் வழக்கத்தையே உண்மையென நம்பி விடுவார். பணியறியாத ஆராய்ச்சியாளர் அளக்க எளியதையே அளந்து கொண்டிருப்பார். இருவரையும் ஒருவரிடத்தில் சேர்ப்பதே இப்பட்டத்தின் பயன்.

அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுமாறு நான் கூறவில்லை. அங்கு அப்பயிற்சி நீண்டதும் செலவு மிக்கதும் ஆகும். நாம் கொள்ள வேண்டியவை மூன்று. மேற்பார்வையுடன் கூடிய நேர்முகப் பணிக்குக் குறித்த காலம் வேண்டும். அப்பணியின் ஒரு பகுதியேனும் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நடைபெற வேண்டும். அது வந்தவரின் தாய்மொழியில் நிகழ வேண்டும். ஆங்கிலத்தில் கற்றவர், ‘மனசு சரியில்லை’ என்றும் ‘நெஞ்சு அடைக்கிறது’ என்றும் மக்கள் கூறுவதைச் செவியால் கேட்டுப் பொருள் கொள்ளப் பழகாவிடில், அவர் கல்வி கிராமத்திற்கு வந்து சேராது.

“டாக்டர் பட்டம் பற்றிய விவாதம் எங்களுக்கு எதற்கு?” என்று களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் கேட்கலாம். 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்தப் பெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அப்போது ஏதோவொரு மனநலக் குறையோடு இருந்ததைக் கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் உரிய சிகிச்சை பெறவில்லை. அத்தகையோர் முதலில் வந்து நிற்பது உங்களிடமே. உங்களுக்குத் தரப்படும் இரண்டு நாள் பயிற்சியை வகுப்பவரும், அதற்கான கையேட்டை எழுதுபவரும் அப்பட்டம் பெற்றவர்களே. மேலே ஊற்றுக் கலங்கினால் கீழே வாய்க்கால் தெளியாது.

ஆகையால் பயிற்சிக்கு அழைக்கப்படும்போது, ‘நாங்கள் செய்து காட்டவும் திருத்தம் பெறவும் நேரம் உண்டா?’ என்று தயங்காமல் கேளுங்கள். உங்களுக்குள் மாதம் ஒரு முறையேனும் கூடி, பெயரும் அடையாளமும் மறைத்து, கடினமாயிருந்த ஒரு சந்திப்பைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் ஆற்றலுக்கு மேற்பட்டவரைத் தகுந்த மருத்துவரிடம் அனுப்புங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அக்கையேடு மறுபதிப்புக்கு வந்தபோது, ‘அறிவுரை கூறுதல்’ என்பதை நீக்கி ‘கேட்டு ஆற்றுப்படுத்தல்’ என்று திருத்தினேன். சொல்லைத் திருத்த ஒரு பேனா போதும். அச்சொல்லுக்கு உரிய செயலைத் திருத்துவது பல்கலைக் கழகங்களின் கடமை. அதனை இடைவிடாது கேட்டுப் பெறுவது நம் அனைவரின் கடமை.