கொடி கொடுக்கும் எஃப்.ஐ.ஆர்.

தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தை இடுப்பில் கட்டுவது நம்மூர் வழக்கம். காத்து, கருப்பு அண்டாதாம். அந்தத் துண்டைப் பாட்டிமார்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது, பிரசவ அறையில் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போகும் மிச்சக் கொடி. அதற்குள் இருக்கும் ரத்தம் நிஜமாகவே காவல்காரன் வேலை பார்க்கும்.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம். 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர் அப்படி வந்தார்கள். அம்மா தன் எதிர்ப்புச் சக்தியைப் பெரும்பாலும் கடைசி மூணு மாசத்தில்தான் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கிறாள். இவர்களோ போனஸ் வாங்குமுன் ஆபீஸை விட்டு வந்தவர்கள்! போதாக்குறைக்கு, கர்ப்பப்பைக்குள் ஏறிய கிருமியே பல சமயம் பிரசவத்தை முன்கூட்டிக் கிளப்பிவிடுகிறது.

கிருமி இருக்கா, இல்லையா? குழந்தையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டும் போகலாம். ரத்தத்தை 'கல்ச்சர்' செய்தால் தெரியும். ஆனால் ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை சும்மா இருந்தால் உயிருக்கே ஆபத்து. எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் என்றால் குடலில் உள்ள நல்ல கிருமிகளும் காலி, மருந்துக்கு மசியாத கிருமிகளும் ரெடி. அடிக்கடி ரத்தம் எடுக்கவும் முடியாது. ஒரு கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே 90 மில்லி சுமார். ஒரு காபி டம்ளர்கூட நிறையாது!

கொடியில் எடுத்தால் குழந்தையைக் குத்தவே வேண்டாம்.

அதில் என்ன தேடுகிறார்கள்? ஒன்று, சி.ஆர்.பி. என்ற புரதம். 1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கூடத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டது. நல்ல ஆள்தான், ஆனால் பத்தரைக்கு ஆபீஸ் வருகிற ரகம். கிருமி தாக்கி ஆறு மணி நேரம் போலக் கழிந்துதான் தலைகாட்டும். அதற்கு முன்பே ஓடி வருவது இன்டர்லூகின்-6. ஈரலைத் தட்டியெழுப்பி சி.ஆர்.பி.யைத் தயார் செய்யச் சொல்வதே இதுதான். கொடி ரத்தத்தில் இது எகிறியிருந்தால், வயிற்றுக்குள்ளேயே கலவரம் ஆரம்பித்திருக்கலாம். வந்த வேகத்தில் மறைந்தும் விடும். அதனால்தான் பிறந்த நிமிஷத்து ரத்தத்துக்கு இவ்வளவு மவுசு.

ஆனால் இது எஃப்.ஐ.ஆர். மட்டுமே, தீர்ப்பு இல்லை. கிருமியே இல்லாமல், சிரமமான பிரசவத்திலும் ஏறலாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் வழக்கமாகச் செய்கிற டெஸ்டும் இல்லை. கல்ச்சர், தாயின் உடல்நிலை, குழந்தையின் மூச்சு எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

சாட்சி சொல்ல நீங்களும் தேவை, அப்பாவாகப் போகும் வாலிபரே! "பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைஞ்சது? அவங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா?" என்று டாக்டர் கேட்பார். கிரிக்கெட் ஸ்கோரை ஓவர் வாரியாக ஒப்பிக்கிற நீங்கள், அங்கே போய் மாமியார் முகத்தைப் பார்த்து முழிக்காதீர்கள். மணியைக் குறித்து வையுங்கள்.