சஞ்சுவிடம் எதனை எதிர்பார்ப்பது?

(கருத்துக் கட்டுரை. 2026ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகள் தொடங்குவதற்கு முன் எழுதப்பட்டது.)

திருவனந்தபுரத்தின் பழவங்காடியில் கணபதி கோயில் உள்ளது. அங்குத் தேங்காய் உடைபடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகக் கடை திறப்போர், தேர்வெழுதச் செல்லும் மாணவர், வேலை தேடிப் புறப்படுவோர் எனப் பலரும் ஒரு தேங்காயை உடைத்துவிட்டே அடுத்த அடி எடுத்து வைக்கின்றனர். தேங்காயை உடைக்க ஒரு நொடி போதும். ஆனால் கடையை நடத்தப் பல ஆண்டுகளும், தேர்வுக்குப் படிக்கப் பல மாதங்களும் வேண்டும். எதிர்பார்ப்பும் அத்தகையதே; அது நமக்கு நொடியில் பிறந்துவிடுகிறது. அதனை நிறைவேற்ற வேண்டியவரோ நெடுங்காலம் உழைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டு அத்தகைய பெரும் எதிர்பார்ப்பு ஒன்று இந்நகரத்தின் இளைஞர் ஒருவர்மீது சுமத்தப்பட்டுள்ளது. அவர் சஞ்சு சாம்சன். விழிஞத்தை அடுத்த புல்லுவிளையைச் சேர்ந்தவர். 1994ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பிறந்தவர். அவருடைய தந்தை தில்லிக் காவல்துறையில் பணியாற்றியவர். கால்பந்து வீரரும் ஆவார். ஆகவே சஞ்சுவின் இளமையின் முற்பகுதி தில்லியில் கழிந்தது. மாணவர்களே, பெற்றோரின் பணியின் பொருட்டு வேற்றூரில், வேற்றுமொழி பேசுவோரிடையே வளர்வது எத்தகையது என்பதனை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவரும் அதனை அறிந்தவரே.

2025ஆம் ஆண்டு நவம்பரில் இராஜஸ்தான் ராயல்ஸ் அணியிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்குச் சஞ்சு மாற்றப்பட்டார். அவருக்கு ஈடாக இரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் இராஜஸ்தானுக்குச் சென்றனர். ஏலத்தில் எடுக்காமல், இரு அணிகளும் வீரரின் இசைவோடு தமக்குள் செய்துகொள்ளும் இம்முறைக்கு வீரர் பரிமாற்றம் என்று பெயர்.

இச்செய்தி பழவங்காடியிலும் சாலைக் கடைத்தெருவிலும் தனி மகிழ்ச்சியை உண்டாக்கியது. இங்குள்ள தமிழர் வீடுகள் பலவற்றில் சென்னை அணியே நம் அணி. அடுத்த வீட்டு மலையாள நண்பர்களுக்கோ சஞ்சுவே நம் வீரர். நேற்றுவரை எதிரெதிரே நின்று கைதட்டியவர்கள் இனி ஒரே பக்கம் அமர்ந்து கைதட்டலாம். இம்மகிழ்ச்சி நல்லதே. ஆயினும் சஞ்சு ஆடத் தொடங்கும் முன்னரே அவரை எந்த அளவுகோல்களால் அளக்கப் போகிறோம் என்பதனை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மிடையே வழங்கும் அளவுகோல்களுள் நான்கு பிழையானவை என்பது என் கருத்து.

முதலாவது, பணம். சஞ்சுவின் ஊதியம் 18 கோடி ரூபாய். இவ்வளவு பெறுபவர் ஒவ்வோர் ஆட்டத்தையும் வென்று தர வேண்டாவா என்று சிலர் வினவுகின்றனர். இராஜஸ்தான் அணி 2025ஆம் ஆண்டில் அவருக்கு அளித்ததும் இதே தொகைதான். சென்னைக்கு வந்ததால் ஒரு ரூபாயும் கூடவில்லை. விலை உயராதபோது நம் எதிர்பார்ப்பு மட்டும் இரு மடங்காக உயர்வது முறையன்று.

இரண்டாவது, முன்னவரின் நிழல். மகேந்திர சிங் தோனி 44 வயதிலும் அணியில் தக்கவைக்கப்பட்டுள்ளார். அவருடைய இடத்தை நிரப்ப வந்தவர் சஞ்சு என்று பலரும் பேசுகின்றனர். 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் தோனியின் தலைமையில் சென்னை அணி கோப்பையை வென்றது. அந்நிழலில் நிற்பது எளிதன்று. இதற்கு ஜடேஜாவே சான்று. 2022ஆம் ஆண்டு அவரிடம் தலைமைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. எட்டு ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே அணி வென்றது. பருவத்தின் நடுவிலேயே அவர் பொறுப்பைத் தோனியிடம் திருப்பித் தந்தார். அதே ஜடேஜா அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில், கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பிறருடைய சுமையைத் தாங்கியபோது தளர்ந்தவர், தமக்குரிய பணியைச் செய்தபோது வென்றார். சென்னை அணியின் தலைவராக ருதுராஜ் கெய்க்வாட் தொடர்கிறார். ஆகவே சஞ்சு ஒரு மட்டையாளராக மட்டும் தம் பணியைத் தொடங்கலாம். அவ்வாய்ப்பை நாமும் அவருக்கு அளிப்போம்.

மூன்றாவது, முதல் ஆட்டம். தொடக்க ஆட்டத்தை வைத்தே பருவம் முழுமைக்கும் தீர்ப்பு எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. சஞ்சுவின் திறத்தில் இது மிகவும் பிழையாகும். 2020 முதல் 2025 வரை ஆறு பருவங்களில் அவர் ஆடிய முதல் ஆட்டங்களைப் பாருங்கள்: 74, 119, 55, 55, 82, 66. ஒரு முறையும் ஐம்பதுக்குக் குறையவில்லை. 119 ஓட்டங்கள் எடுத்தது, அணித்தலைவராக அவர் களமிறங்கிய முதல் ஆட்டத்தில் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வாறு தொடங்கியவர் பருவம் முழுவதும் அவ்வேகத்தில் ஆடினாரா? 2021இல் 484, 2022இல் 458, 2023இல் 362, 2024இல் 531 எனவே அவருடைய மொத்த ஓட்டங்கள் அமைந்தன. இவை நல்ல எண்கள். ஆனால் முதல் நாள் காட்டிய வானவேடிக்கையை நம்பிக் கணக்கிட்டவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியிருக்கும்.

அவருடைய ஆட்டத்தில் ஏற்றமும் இறக்கமும் அடுத்தடுத்து வருவன. 2024ஆம் ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான நான்கு இருபது ஓவர் ஆட்டங்களில் அவர் எடுத்தவை முறையே 107, 0, 0, ஆட்டமிழக்காமல் 109. முதல் ஆட்டத்தை மட்டும் கண்டவர் அவரை விண்ணளவு புகழ்ந்திருப்பார். நடுவிலுள்ள இரண்டை மட்டும் கண்டவர் அணியிலிருந்து நீக்கச் சொல்லியிருப்பார். நான்கையும் கண்டவரே சஞ்சுவை அறிந்தவர்.

நான்காவது அளவுகோலே எனக்கு மிகுந்த கவலை தருவது. அது மொழி. சஞ்சு சதமடிக்கும் நாளில் ‘நம் சென்னை வீரர்’ என்றும், முதல் பந்திலேயே ஆட்டமிழக்கும் நாளில் ‘உங்கள் ஊர்க்காரர்’ என்றும் நம் நாவு மாற்றிப் பேசக்கூடும். மறுபுறம், ‘உங்கள் அணி எங்கள் சஞ்சுவைக் கெடுத்துவிட்டது’ என்னும் குரலும் எழக்கூடும். ஒரு வீரரின் ஓட்டக்கணக்கு இரு மொழியாரிடையே வழக்காக மாறுவது நமக்கு அழகன்று. பழவங்காடியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தமிழரா, திருவனந்தபுரத்தவரா என்று எவரேனும் வினவினால், இரண்டும்தான் என்று விடை சொல்ல நீங்கள் விரும்புவீர்கள் அல்லவா? தேர்வில் முதலிடம் பெறும்போது ‘நம் பிள்ளை’ என்றும், தவறும்போது ‘வெளியூர்ப் பிள்ளை’ என்றும் உங்களை அழைத்தால் மனம் நோகாதா? நமக்கு நேரக்கூடாது என்று நாம் நினைப்பதனைப் பிறருக்கு நாம் செய்தலாகாது.

அப்படியானால் எதனையுமே எதிர்பார்க்கக் கூடாதா, நம்பிக்கை இல்லாமல் விளையாட்டைக் காண்பதில் என்ன சுவை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எதிர்பார்ப்பே பிழை என்று நான் கூறவில்லை. அதற்கு ஓர் அளவு வேண்டும் என்றே கூறுகிறேன்.

அவ்வளவை அவருடைய பழைய ஆட்டங்களே காட்டுகின்றன. 2021 முதல் 2024 வரையிலான நான்கு பருவங்களின் ஓட்டங்களைக் கூட்டினால் 1,835 வரும். சராசரி ஏறத்தாழ 459. காயத்தால் 2025ஆம் ஆண்டில் ஒன்பது ஆட்டங்களே ஆட முடிந்தது. அப்போதும் 285 ஓட்டங்கள் எடுத்தார். ஆகவே உடல்நலத்தோடு பருவம் முழுவதும் ஆடினால் 450 ஓட்டங்களை எதிர்பார்ப்பது நேர்மையான கணக்கு. எழுநூறு வேண்டும் என்பது ஆசை. ஆசைப்படலாம், ஆனால் அது நிறைவேறவில்லை என்று அவரைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஓட்டங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வேகம் சென்னைக்கு இன்றியமையாதது. 2025ஆம் ஆண்டு சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பெற்றது. முதல் ஆறு ஓவர்களில் விரைந்து ஓட்டம் சேர்க்க இயலாமை அத்தோல்விகளின் காரணங்களுள் ஒன்று. அக்குறையைச் சஞ்சு தீர்க்க முயல்வார் என்று எதிர்பார்க்கலாம். விரைந்து ஆடுபவர் விரைந்து ஆட்டமிழக்கவும் கூடும் என்பதனை அவ்வெதிர்பார்ப்போடு சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சேப்பாக்கம் ஆடுகளத்தையும் மறத்தலாகாது. அங்குப் பந்து மெதுவாக வரும், சுழலும். வேகமாக வரும் பந்தை நேராக அடித்துப் பழகியவர்க்கு அம்மண்ணைப் புரிந்துகொள்ளச் சில ஆட்டங்கள் வேண்டும். புதிய பள்ளியில் சேர்ந்த மாணவர்க்கு முதல் மாதத் தேர்வில் மதிப்பெண் சற்றுக் குறைந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்வதில்லையா? அத்தகைய பொறுமை இங்கும் வேண்டும்.

பொறுமையைச் சஞ்சுவுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அணிக்காக முதல் இருபது ஓவர் ஆட்டத்தை ஆடினார். இரண்டாவது ஆட்டம் 2020ஆம் ஆண்டு ஜனவரியில்தான் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றும் ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் ஐந்து ஆட்டங்களுக்குள் மூன்று சதங்கள் அடித்தார். நான்கரை ஆண்டுகள் காத்திருக்கக் கற்றவருக்காக, நான்கைந்து ஆட்டங்கள் காத்திருக்க நம்மால் இயலாதா?

போட்டிகள் தொடங்கும் நாளில் பழவங்காடியில் சஞ்சுவின் பெயரைச் சொல்லியும் சிலர் தேங்காய் உடைக்கக்கூடும். உடைக்கட்டும். உடைத்தபின் வீட்டுக்குச் சென்று, கடைசி ஆட்டம் வரை பார்த்து, அதன் பிறகு தம் கருத்தைக் கூறட்டும். அதுவே ஒரு நல்ல சுவைஞர்க்கு அழகு.

பயிற்சி

1. கட்டுரையாளர் பிழையானவை எனக் கருதும் நான்கு அளவுகோல்கள் யாவை? அவற்றுள் எதனை அவர் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறார்? ஏன்?
2. ஜடேஜாவின் 2022, 2023ஆம் ஆண்டு நிகழ்வுகள் எக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன?
3. ‘ஆசை’, ‘எதிர்பார்ப்பு’ ஆகிய சொற்களைக் கட்டுரையாளர் எவ்வாறு வேறுபடுத்துகிறார்?
4. கட்டுரையாளரின் கருத்தோடு நீங்கள் உடன்படாத இடம் ஒன்றைத் தேர்ந்து, உங்கள் காரணத்தைப் பத்து வரிகளில் எழுதுக.