சக்கரம் கட்டுவது யார்?

சைக்கிள் சக்கரத்தில் நாலைந்து கம்பிகள் அறுந்து, ரிம்மும் கோணலாகிவிட்டால், கோயமுத்தூர்க் குடும்பஸ்தருக்கு இரண்டு யோசனைகள் தோன்றும். கடையில் கொடுத்துப் புதிதாய்க் கட்டச் சொல்லலாம். அல்லது கம்பிகளை வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து தாமே கோத்துப் பார்க்கலாம். முன்னதில் காசு செலவு, பின்னதில் பொழுது செலவு என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். விஷயம் அதோடு முடியவில்லை.

மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கவனியுங்கள். பாரம் குடத்திலிருந்து, கீழே நிற்கும் ஆரக்காலின் மேல் இறங்கும். அது தூணைப் போல் தாங்கும். சைக்கிள் கம்பியோ தூணாக நிற்காது, அழுத்தினால் வளைந்துபோகும். ஆகையால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கி இழுத்து வைக்கிறார்கள். பாரம் ஏறினால் கீழ்க்கம்பிகளின் இழுப்புச் சற்றுக் குறையும், அவ்வளவுதான். அடியோடு போய்விட்டால் ஆபத்து. கம்பிகளை நடுவிலிருந்து நேராக ஓடவிடாமல், குடத்தின் விளிம்பை ஒட்டிச் சாய்வாகச் செலுத்தும் முறைக்கு 1874-ல் இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி பேடண்டு பெற்றார். மிதிக்கும் விசை ரிம்மை அடைவதற்கு அந்தச் சாய்வு பெரிய உதவி.

பழைய இங்கிலீஷ் மாதிரி சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. கோப்பதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். பூத்தொடுக்கும் பெண்கள் ஆண்களைவிடச் சீக்கிரம் கற்பார்கள் என்பது என் அபிப்பிராயம். கஷ்டம் பிறகுதான். ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால், அவ்விடத்தில் வலப்பக்கக் கம்பியை முறுக்கி, இடப்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. பக்கவாட்டுக் கோட்டத்தை எடுத்தால் மேடுபள்ளம் தலைகாட்டும். அதைச் சரிசெய்தால் இது கெடும்! கைதேர்ந்த தொழிலாளி கம்பிகளை விரலால் மீட்டிக் காதால் பரீட்சிப்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். நேராய்ச் சுழலும் சக்கரத்திலுங்கூட ஒரு கம்பி இறுகி, மற்றொன்று தொய்ந்திருக்கலாம். அது திண்ணையில் தெரியாது. பாதி வழியில் தெரியும்.

எதையும் தாமே செய்ய விரும்புவோருக்குக் கோவையில் ஜி. டி. நாயுடுவின் பெயர் நாக்கு நுனியில் இருக்கும். 1893-ல் கலங்கலில் பிறந்த அவர், ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டி யந்திர ஞானம் பெற்றார். வாஸ்தவம். ஆனால் கழற்றிப் பழகியது சொந்த வண்டியில். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் 1920-ல் பஸ் விட்டது அதற்குப் பிற்பாடு.

சென்னிமலைத் துணி மூட்டையுடன் ஈரோட்டுக்குப் போகிறவரும், விடியுமுன் பால் கேன் கட்டிக் கிளம்புகிறவரும் தொழிலாளியிடமே கொடுக்கட்டும். கூலியில் பேரம் வேண்டாம். காலேஜ் பையன் தானே கட்டிப் பார்க்கட்டும். பாரம் குறைவென்று முன்சக்கரத்தில் ஆரம்பிக்கிறார்கள்; அது மடங்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பின்சக்கரத்தில் கற்பதே மேல். கட்டி முடித்ததும், ஏறி மிதிப்பதற்கு முன் கடைக்குக் கொண்டுபோய்த் தொழிலாளியை ஒரு தடவை மீட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கும் கூலி உண்டு.