வாய்ப்பூட்டின் சாவி

அரசுகளின் வலிமையை நம் கல்லூரிகளில் இரண்டு பெட்டிகளாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். படை, போர், பொருளாதாரத் தடை எல்லாம் வன்வலிமை. சினிமா, பல்கலைக்கழகம், உதவிப் பணம் எல்லாம் மென்வலிமை. 1990இல் அந்தக் கருத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜோசப் நை, பணத்தை அவ்வளவு எளிதாக இரண்டாவது பெட்டிக்குள் போட்டுவிடவில்லை. தேர்வுக் கையேடுகள் போட்டுவிட்டன. எனக்கு அந்த 'மென்' என்ற சொல்லோடுதான் சண்டை. யாருடைய உடம்பைத் தொட்டுப் பார்த்து அது மென்மையானது என்று முடிவு செய்தார்கள்?

1984 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக அமெரிக்கப் பணம் வாங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எதுவும் கருக்கலைப்பு செய்யக் கூடாது. அதற்கு ஆலோசனை சொல்லக் கூடாது, வேறிடத்துக்கு அனுப்பிவைக்கவும் கூடாது. தன் நாட்டுக் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித் தன் நாட்டு அரசிடமே கோரிக்கை வைக்கக் கூடாது. வன்கலவி, உயிராபத்து போன்ற விலக்குகள் தாளில் உண்டு. ஆனால் எதைச் சொன்னால் பணம் போகும் என்று பயந்து கிடக்கும் மருத்துவமனையில் தாளில் உள்ள விலக்கை யார் நம்பி வாய் திறப்பார்கள்? பெண்கள் இயக்கங்கள் இதற்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு விதி.

கிளிண்டன் 1993இல் இதை நீக்கினார். புஷ் 2001இல் திரும்பக் கொண்டுவந்தார். ஒபாமா 2009இல் நீக்கினார். டிரம்ப் 2017இல் கொண்டுவந்ததோடு நிற்காமல், எச்ஐவி, மலேரியா என்று ஏறத்தாழ எல்லா சுகாதார உதவிகளுக்கும் விரித்தார். பைடன் 2021இல் நீக்க, 2025 ஜனவரியில் மறுபடியும் டிரம்ப். ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பாணை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். 2017இல் ஆண்கள் சூழ்ந்து நிற்க அவர் கையெழுத்திடும் படத்தை உலகமே பார்த்தது. அந்தக் கையெழுத்துக்குக் கட்டுப்பட வேண்டிய பெண்களில் ஒருவருக்கும் அந்த நாட்டில் ஓட்டு இல்லை.

'அவர்கள் பணம், அவர்கள் நிபந்தனை' என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. இதில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது, கவனியுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புக்கு அமெரிக்க உதவிப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று 1973இலேயே ஹெல்ம்ஸ் திருத்தம் தடை போட்டுவிட்டது. அப்புறம் இந்த விதி எதற்கு? மற்றவர்களின் பணத்தைக் கட்டிப்போடுவதற்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த நன்கொடையானாலும், உள்ளூரில் திரட்டிய பணமானாலும், அதைக் கொண்டுகூட நீ அந்த வார்த்தையைப் பேசக் கூடாது. அமெரிக்காவுக்குள் அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை குறுக்கே நிற்கும். அதனால்தான் வெளிநாட்டு அமைப்புகளைக் குறிவைத்து இந்த விதி எழுதப்பட்டது. பேச்சுச் சுதந்திரத்தை உலகுக்கே போதிக்கும் அரசு, தன் குடிமக்களிடம் பறிக்கத் துணியாததை நேபாளத்துப் பெண்களிடம் பறித்தது.

நேபாளம் என்று சும்மா சொல்லவில்லை. 2002 வரை அங்கே கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களைச் சிறையில் அடைத்தார்கள். அந்தச் சட்டத்தை மாற்றப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதுதான் 2001 வந்தது. கையெழுத்துப் போட்டால் பணம் தொடரும், சிறையிலிருக்கும் பெண்களைப் பற்றிப் பேச முடியாது. பேசினால் கருத்தடைச் சாதனங்களுக்கான பணம் போகும். நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் கையெழுத்திட மறுத்து, பணத்தை இழந்தது. கென்யாவிலும் அப்படி மறுத்த அமைப்பு மருத்துவமனைகளை மூட வேண்டியிருந்தது. மூடிய இடங்களில் பெண்கள் இழந்தது கருக்கலைப்பை மட்டுமல்ல, மாத்திரையையும் ஆணுறையையும் பரிசோதனையையும்தான்.

இதனால் கருக்கலைப்பாவது குறைந்ததா? 26 ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை வந்தது. விதி நடப்பில் இருந்த ஆண்டுகளில், அமெரிக்க உதவியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில், கருத்தடைப் பயன்பாடு குறைந்து, கருக்கலைப்பு மற்ற நாடுகளோடு ஒப்பிட 40 சதவீத அளவுக்கு உயர்ந்திருந்தது. 'உயிரைக் காப்பாற்றுகிறோம்' என்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதை ரீகன், டிரம்ப் போன்றவர்களின் மதவெறி என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. அதே நாடு இருபதாண்டுகளுக்கு முன் நேர் எதிர்த்திசையில் நம்மை நெருக்கியது. 1965இல் ஐ.நா.வின் 20ஆவது ஆண்டு விழாவில் அதிபர் ஜான்சன், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் போடும் ஐந்து டாலருக்கும் குறைவான பணம் வளர்ச்சியில் போடும் நூறு டாலருக்குச் சமம் என்றார். வறட்சியில் இந்தியா வாடிய அந்த ஆண்டுகளில் பிஎல் 480 கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக, கயிற்றை இழுத்துப் பிடித்துத்தான் அனுப்பினார். விவசாயக் கொள்கையை மாற்று, பிறப்பைக் குறை, வியட்நாம் பற்றிப் பேசாதே. அந்தக் காலத்தில்தான் நம் கிராமங்களுக்கு லூப் வந்தது. பொருத்தினார்கள், இரத்தப்போக்கோடு திரும்பி வந்தவளைக் கவனிக்க ஆள் வைக்கவில்லை. டெல்லி அப்பாவி அல்ல. 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வைத்திருந்த அரசு, எண்ணிக்கை இலக்கைத் தன் விருப்பத்தோடுதான் பெண்கள்மேல் இறக்கியது. 1974இல் கிசிங்கரின் கீழ் தயாரான ரகசிய அறிக்கை ஒன்று ஏழை நாடுகளின் மக்கள்தொகைப் பெருக்கத்தை அமெரிக்கப் பாதுகாப்போடும் கனிமத் தேவையோடும் முடிச்சுப் போட்டது. அது பெயர் சொன்ன 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

பெறாதே என்றார்கள், பிறகு பெற்றே ஆக வேண்டும் என்றார்கள். பெண் என்ன நினைக்கிறாள் என்று இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. ஜனநாயகக் கட்சி அதிபர்கள் விதியை நீக்கினார்கள், சரி. ஆனால் ஹெல்ம்ஸ் திருத்தம் அவர்கள் எல்லோரையும் தாண்டி இன்றும் இருக்கிறது. நம் இடதுசாரித் தோழர்களும் ஏகாதிபத்தியம் என்றால் எண்ணெய், ஆயுதம், கடன் என்று அடுக்குவார்கள். இதைச் சொன்னால் மகளிர் அமர்வுக்கு ஒதுக்கிவிடுவார்கள், அதுவும் மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு.

2025இல் யுஎஸ்எய்ட் கலைக்கப்பட்டது. அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் வாங்கி, ஏழை நாட்டுப் பெண்களுக்கென்று வைத்திருந்த சுமார் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைச் சாதனங்கள் பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் தேங்கின. நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், பணமும் தருகிறோம் என்று சர்வதேச அமைப்புகள் கேட்டன. அவற்றை அழிக்க முடிவெடுத்திருப்பதாக ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. கருக்கலைப்பு மாத்திரைகள் என்று காரணம் சொன்னார்கள். கிடங்கில் இருந்தவை கருத்தடை ஊசிகள், உட்பதியங்கள், லூப்புகள், மாத்திரைகள்.