கர்த்தர் கணக்குத் தீர்ப்பாராம்!

நமது கிறிஸ்தவ அன்பர்கள் சிலர் நம்மிடம் அடிக்கடி சொல்லிவரும் சமாதானம் ஒன்று உண்டு. அதாவது, "கோவில் பூசாரியின் புரட்டை நீங்கள் கண்டிப்பது சரிதான். ஆனால் எங்கள் மதம் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லும் மதமல்ல. எது தேவனிடமிருந்து வந்தது, எது வரவில்லை என்று பகுத்துணரச் சொல்லுகிற மதம். அப்படிப் பகுத்துணர்ந்த பிறகு, நீதியை ஆண்டவர் கையில் ஒப்புவித்துவிட்டுப் பொறுமையாக இருக்கச் சொல்லுகிற மதம்" என்பதாகும்.

நல்லது. இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பகுத்துணர்வது. மற்றொன்று, தெய்வ நீதியை நம்பிக் காத்திருப்பது. இவற்றைப் பரீட்சை செய்ய நாம் எருசலேமுக்குப் போகவேண்டியதில்லை. செங்கற்பட்டிலும் மாமல்லபுரம் கரையிலும் நடந்தவைகளே போதும்.

முதலாவது, செங்கற்பட்டை அடுத்த திருமணியில் உள்ள தொழுநோய் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்வோம். லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்டு, 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்று நடத்தத் தொடங்கிய ஸ்தாபனம் அது. தொழுநோயைப் பற்றி வேதப் புஸ்தகம் என்ன சொல்லுகிறது? மோசேயை எதிர்த்துப் பேசிய மிரியாமுக்கு அது தண்டனையாக வந்தது. தூபங்காட்டத் துணிந்த உசியா ராஜாவுக்கும் அப்படியே வந்தது. பொய் சொல்லிப் பணம் வாங்கிய கேயாசிக்கு மாத்திரமன்றி, அவன் சந்ததிக்கே என்றென்றைக்கும் ஒட்டிக்கொள்ளும்படி சாபமாக வந்தது. தகப்பன் வாங்கிய பணத்துக்குப் பிறவாத பேரனைத் தண்டிப்பது எந்த ஊர் நீதி? முன்சீப் கோர்ட்டில்கூட இப்படித் தீர்ப்புச் சொல்ல முடியுமா? மேலும், நோய் இருக்கிறதா இல்லையா என்று தோலைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் லேவியராகமத்தில் வைத்தியனுக்கு அல்ல, ஆசாரியனுக்கு. அவன் தீட்டு என்றால் மனிதன் பாளையத்துக்கு வெளியே போய்விட வேண்டியதுதான். பகுத்துணர்வு என்பதன் லட்சணம் அது!

1873-ல் நார்வே தேசத்து வைத்தியர் ஆன்சன் பூதக்கண்ணாடியில் கிருமியைக் கண்டார். அன்றைக்கே கர்த்தருடைய தண்டனை என்ற பேச்சு செத்துப்போயிற்று. திருமணியில் வேலை செய்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் ஒரு கிறிஸ்தவ மிஷனரி. அவர் நோயாளியின் பாவத்தை விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் எண்ணெய் மருந்தை ஊசியாகப் போட்டார், 1940-களில் சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1980-களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் அடியோடு குணமாகிறது. இயேசு பத்துப் பேரைத் தொழுநோயினின்று குணமாக்கினார் என்று சுவிசேஷம் பெருமையாகச் சொல்லுகிறது. பத்துப் பேரைக் குணமாக்கத் தெரிந்தவர் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஆயிரத்தெண்ணூறு வருஷ காலம் கோடி ஜனங்கள் ஊருக்கு வெளியே கிடந்து அழுகியிருக்க வேண்டாமே!

நிற்க. கடற்கரைக்குப் போவோம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவுக்கு அருகில் கடலடிப் பாறை பிளந்தது. இரண்டு மணி நேரத்துக்குமேல் பிரயாணம் செய்து அலை நம் கரைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது மணலில் புதைந்து கிடந்த பழைய கற்கள் தெரிந்தன. சுற்றிலும் இருந்த மீனவர் குப்பங்களில் வீடும் படகும் வலையும் போயின.

இதற்குப் பக்தர்கள் சொன்ன வியாக்கியானங்களைக் கவனியுங்கள். சென்னை சாந்தோம் கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆகவே அது தோமையார் நட்ட மரத்தூணின் அற்புதம் என்றார்கள். வேளாங்கண்ணிக் கோவிலும் தப்பியது. அதுவும் மாதாவின் அற்புதம். ஆனால் அந்த மாதாவைப் பார்க்க வந்து கரையில் நின்ற யாத்திரிகர் நூற்றுக்கணக்கில் செத்தார்களே, அது என்ன? அது மாத்திரம் அறியமுடியாத தேவ சித்தமாம்! கல்லும் காரையும் தப்பினால் கடவுள் செயல், பிள்ளையும் குட்டியும் செத்தால் கடவுள் ரகசியம் என்று சொல்லுவதற்குப் பெயர் பகுத்துணர்வா? லாபம் வந்தால் தன் கணக்கு, நஷ்டம் வந்தால் ஊர்க் கணக்கு என்று எழுதும் வியாபாரியின் பித்தலாட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1755-ல் நவம்பர் முதல் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, லிஸ்பன் நகரத்தில் பூமி அதிர்ந்து, பூசைக்குக் கூடியிருந்தவர்கள் தலைமீதே கோவில்கள் இடிந்து விழுந்தன. அதைக் கண்டு வால்டேர் கேட்ட கேள்விக்கு எந்தப் பாதிரியும் இன்றுவரை யோக்கியமான பதில் சொல்லவில்லை. நம் கரையிலோ இரண்டு மணி நேர அவகாசம் இருந்தும், சர்வ வியாபியான கடவுள் ஒரு குப்பத்துக்காவது எச்சரிக்கை கொடுக்கவில்லை. 2007-ல் ஐதராபாத்தில் மனிதன் ஓர் எச்சரிக்கை நிலையம் வைத்தான். இனிக் குப்பத்து மக்கள் பிழைப்பது அதனால்தான்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அதாவது நீதி. பழி வாங்குவது ஆண்டவர் வேலை, நீ சகித்திரு என்று பவுல் எழுதிவைத்தார். இந்த உபதேசம் மிராசுதாருக்குக் கசக்குமா? பண்ணையாருக்குக் கசக்குமா? படியாள் பொறுமையாக இருக்கும் வரையில் அவர்களுக்குக் குறையே இல்லை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் செங்கற்பட்டு ஜில்லாவில் ஆதிதிராவிடர் நிலை என்ன? உழுகிற நிலம் சொந்தமல்ல, குடியிருக்கும் குடிசை மனையும் சொந்தமல்ல. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முதல் பாத்தியம். கூலி அதிகம் கேட்டால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். இந்நிலையில், ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி முதலிய பாதிரிகள் இம்மக்களின் நிலத்துக்காக எழுதினார்கள், வாதாடினார்கள். 1891-ல் ஜில்லா கலெக்டர் திரமென்கீர் இக்கொடுமைகளையெல்லாம் விவரித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன்மேல் 1892-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி சர்க்கார் உத்தரவு பிறந்தது. அதுதான் இன்று பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று சொல்லப்படுவது. ராஜதானி முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அந்நிலத்தைத் தாழ்த்தப்பட்டோர் அல்லாத பிறருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

அந்தப் பாதிரிகளை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அவர்கள் செய்தது தெய்வ நீதியை நம்பியிருந்ததா, நம்பாமல் காரியம் செய்ததா? ஜெபம் செய்தால் போதும் என்றிருந்தால், சர்க்காருக்கு எழுதியது எதற்கு? "ஆண்டவரே அவர்களை ஏவினார்" என்பார்கள். அப்படியானால், படியாளைப் பார்த்துப் பொறுத்திரு என்று உபதேசித்த மற்றப் பாதிரிகளை ஏவியது யார்? இருவர் கையிலும் ஒரே புஸ்தகம், இருவர் வாயிலும் ஒரே ஜெபம். எவன் செய்தது சரி என்று தீர்மானிக்க நாம் உபயோகிக்கும் அளவுகோல் அந்த ஏழைக்கு நிலம் கிடைத்ததா என்பதுதானே? அந்த அளவுகோலுக்குப் பகுத்தறிவு என்றுதான் பெயர். ஆவி எதற்கு?

கிடைத்த நிலமும் நின்றதா? கடனுக்கும் மிரட்டலுக்கும் போலிப் பத்திரத்துக்கும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அதைத் திரும்பக் கேட்டுச் செங்கற்பட்டு வட்டாரத்துக் காரணை கிராமத்தார் கிளர்ந்தார்கள். மீட்ட நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ந் தேதி நியாயம் கேட்டுச் செங்கற்பட்டில் கூடியவர்கள்மீது போலீசார் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயரில் இயேசுவின் சீடர் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர் பெயரில் திருப்பதி மலையான் இருந்தான். எந்தச் சீடரும் குறுக்கே வரவில்லை, எந்த மலையானும் இறங்கி வரவில்லை. அவ்விருவரும் கடவுள் நீதி வரட்டும் என்று வீட்டில் குந்தியிராமல் தெருவுக்கு வந்தவர்கள். அதனாலேயே பஞ்சமி நிலம் என்ற சொல் நாடெங்கும் தெரிந்தது.

கடைசி நாளில் தீர்ப்பு உண்டு என்பார்கள். வாதி செத்து, பிரதிவாதி செத்து, நிலமும் மனைக்கட்டாகிப் பங்களா எழும்பிய பிறகு வருகிற தீர்ப்பினால் யாருக்குப் பிரயோஜனம்? ஆக்கிரமித்தவன் வேண்டுவதும் அதே வாய்தாதானே!

லூக்கா சுவிசேஷத்தில் ஒரு விதவையின் கதை உண்டு. அவள் அநீதியுள்ள நியாயாதிபதியை ஓயாமல் தொந்தரவு செய்து நியாயம் வாங்கினாள். ஜெபத்தின் பெருமைக்கு இதைச் சொல்லுகிறார்கள். நாம் சொல்லுவதென்னவென்றால், அந்த அம்மாள் கோவிலுக்குப் போகவில்லை, நியாயாதிபதி வாசலுக்குப் போனாள். கிறிஸ்தவத் தோழர்கள் அந்த அம்மாளையாவது பின்பற்றட்டும்.

ஆகையால் தோழர்களே! கோவிலுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் சேர்ந்து கிராம நிர்வாக அதிகாரியிடம் போங்கள். 'அ' பதிவேட்டைப் பாருங்கள். காட்ட மறுத்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். உங்கள் பாட்டன் பெயரில் இருந்த சர்வே நெம்பர் இன்று யார் பெயரில் இருக்கிறதென்று கண்டுபிடியுங்கள். தனி ஆளாகப் போகாமல் சங்கமாகப் போங்கள். கணக்குத் தீர்க்கிற வேலை கர்த்தருடையதல்ல, நம்முடையது.