நனைத்துப் பார்த்தால்தானே தெரியும்

பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டும் என்று கேட்டால், முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பளபளப்பதை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். "இது வழுக்குமே தம்பி" என்றால், "ஆன்ட்டி ஸ்கிட்தாம்மா, தடவிப் பாருங்க" என்கிறார் கடைப் பையன். ஏசி அறையில், சொட்டு ஈரமில்லாத டைல்ஸை உள்ளங்கையால் தடவி நான் என்ன தெரிந்துகொள்வது? நான் அதன்மேல் நிற்கப்போவது வெறுங்காலோடு, சோப்பு நுரையோடு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு.

கைப்பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து டைல்ஸ்மேல் கொஞ்சம் ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கலாமா என்று கேட்டதும் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா, ஷோரூமை நனைக்கிறீங்க?" பூஜை அறைக்கா வாங்க வந்திருக்கிறேன்? குளிக்கிற அறைக்குத்தானே!

உராய்வைப் பற்றி எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தரை எவ்வளவு வழுக்கும் என்பதை அளக்க முறை இருக்கிறது. ஜெர்மனியில் டைல்ஸைச் சாய்தளமாகப் பதித்து, எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் காலோடு ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் கால் நழுவுகிறது என்று பார்த்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் போடுகிறார்கள். வெறுங்காலுக்குத் தனிச் சோதனை உண்டு; அதற்குச் சோப்புத் தண்ணீர், தரம் ஏ, பி, சி. சி-தான் நன்றாகப் பிடிக்கும். இதைச் சொன்னதும், "அதெல்லாம் எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்கும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் முதலாளி. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வந்த பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தேன். நீளம், அகலம், ஷேடு நம்பர் எல்லாம் அச்சடித்திருக்கிறது. நான் தேடியது மட்டும் இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் பில்லில் தவறாமல் இருக்கிறது.

திருச்சியில் 1994-ல் கட்டிய வீடு எங்களுடையது. அன்றைக்கு இந்தியன் டாய்லெட்டும் சிவப்பு ஆக்ஸைடு தரையும் போதும் என்றிருந்தது. இப்போது எனக்கு முட்டி மடங்குவதில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடும் என் வீட்டுக்காரருக்கு, சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் பெரும்பங்கு 60 வயதைத் தாண்டியவர்கள். அந்தக் கணக்கில் நாங்களும் சேர வேண்டாமே என்றுதான், பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து பாத்ரூமை இடிக்கச் சொன்னோம்.

இடித்தார்கள். இடிப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடு.

டைல்ஸ் மேஸ்திரிக்கு நாலடிக்கு ரெண்டடிப் பலகைதான் பிடித்திருக்கிறது. "ஜாயின்ட் கம்மியா வரும், ரிச்சா இருக்கும்மா." அடிக்கு அடி டைல்ஸ் போடுங்கள், ஜாயின்ட் நிறைய இருந்தால்தான் காலுக்குப் பிடிமானம், சின்னதாக இருந்தால்தான் நாலு பக்கமிருந்தும் தண்ணீர் வெளியேறும் ஜாலிக்கு வாட்டம் கொடுக்க முடியும் என்று விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, என்னைத் தாண்டி இவரைப் பார்த்து, "சார் என்ன சொல்றார்?" என்றார். தபால் துறையில் ஓய்வு பெற்ற இவர், "டீச்சர் சொல்றதுதாங்க" என்றார். மறுநாள் கலவை எவ்வளவு என்று கேட்டபோதும், குழாய் எங்கே வரவேண்டும் என்று கேட்டபோதும் அதே "சார் என்ன சொல்றார்?" சார் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒருவழியாகச் சின்ன டைல்ஸுக்குச் சம்மதித்தார். பதித்து முடித்ததும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழ் நட்டநடுவில் நின்றது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. குமிழ் நடுவில் நின்றால் தண்ணீரும் நடுவில்தானே நிற்கும்? ஜாலியை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் இறங்கினால் தண்ணீர் தானாக ஓடிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம் என்றேன். "காயட்டும்மா, காயட்டும்" என்றார். காய்ந்த பிறகு கேட்டால், "கணக்கை முடிச்சிடுங்க, அப்புறம் நிதானமா ஊத்திப் பாருங்க" என்கிறார்.

பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி வேண்டும் என்றோம். "டவல் ராடு போட்டுடறேன், ரெண்டுக்கும் ஆச்சு" என்றார் பிளம்பர். துண்டின் கனமும் ஆளின் கனமும் ஒன்றா? டவல் ராடு நிற்பது குட்டி ஸ்க்ரூவிலும் பிளாஸ்டிக் பிளக்கிலும். ஆள் தொங்கினால் ராடோடு சேர்ந்து டைல்ஸும் கையில் வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். கம்பியும் சொரசொரப்பாக இருக்கவேண்டும். கடையில் தருவதோ கண்ணாடி மாதிரி மினுக்கிய ஸ்டீல். காய்ந்த கையில் கம்பீரமாக இருக்கும், சோப்புக் கையில் நழுவும். வெஸ்டர்ன் கோப்பையின் உயரமும் இதே கதைதான். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உட்காரும் இடம் 450 முதல் 480 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. கேட்டால், "தாழ்வா இருந்தாத்தான் பார்வையா இருக்கும்" என்கிறார்கள். பார்வைக்கு வைக்க அது என்ன கொலு பொம்மையா?

கதவுக்கு வந்தோம். உள்பக்கம் திறக்கும் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னேன். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், வெளியே இருப்பவர் எப்படித் தள்ளித் திறப்பது? ஆசாரி யோசித்துவிட்டு, "ஹால்ல நீட்டிக்கிட்டு நிக்கும்மா, லட்சணமா இருக்காது" என்றார். ரெண்டரை அடிக் கதவை மூன்றடியாக்கச் சொன்னதற்கு, "நீங்க ரெண்டு பேரும் ஒல்லிதானே?" என்றார். நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்தால் அதுவும் ஒல்லியாகவா வரும்?

பெங்களூரிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்புகிறான். கறுப்பு மார்பிள், கண்ணாடித் தடுப்பு, கூரையிலிருந்து மழை மாதிரி ஷவர். வீடியோ காலில் எங்கள் சொரசொரப்பு டைல்ஸைப் பார்த்துவிட்டு, "அம்மா, வயசானவங்க வீடு மாதிரி ஆக்கிடாதீங்க" என்கிறான். வேறு யார் வீடுடா இது?

யாருக்கும் கெட்ட எண்ணமில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் விற்கிறவர், பதிக்கிறவர், படம் அனுப்புகிறவர் எல்லாருமே பாத்ரூமை விளக்குப் போட்டு, வாசலில் நின்று, ஈரமில்லாமல் பார்க்கிறார்கள். உள்ளே இறங்கித் தண்ணீரில் கால் வைப்பது நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் காலை ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று மேஸ்திரி தடுக்கத் தடுக்க வாளியைக் கவிழ்த்தேன். நினைத்தபடியே கோப்பைக்குப் பக்கத்து மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. அவர் அசரவில்லை. "ஒரு வைப்பர் வாங்கி வச்சுக்கோங்கம்மா, குளிச்சதும் தள்ளி விட்டுடலாம்." குனிந்து வைப்பர் தள்ள முடிகிறவள் இத்தனை செலவு செய்து எதற்கு பாத்ரூமை இடிக்கப்போகிறாள்? இதைக் கேட்டதற்கும் அவர் இவரைத்தான் பார்த்தார்.

மிச்சக் கூலி என் பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். தண்ணீர் என்றைக்கு ஜாலிக்குப் போகிறதோ, அன்றைக்குப் பணமும் மேஸ்திரிக்குப் போகும். சாரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.